பலாலிப் பெயர்ப்பலகையில் இருக்கும் 'சர்வதேசம்' யார்?

கடந்த மாதம் வலிகாமம் வடக்கில் காணி விடுவிப்புப் பற்றிய கூட்டமொன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். 1990 ஜூன் மாதத்தில் ஊரை விட்டு வெளியேறியவர்களும், அதற்குப் பிறகு நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளும்தான் அங்கே இருந்தார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் என்னை மறித்தார்.

"பிள்ளை, எங்கட காணி ஓடுபாதைக்கு வேணுமாம். அது சர்வதேசச் சட்டமாம், தாங்கள் ஒண்டும் செய்யேலாதாம் எண்டு சொல்லுகினம். அந்தச் சட்டத்தை வச்சிருக்கிற ஆக்கள் எங்க இருக்கினம்? அவைக்கு ஒரு கடிதம் எழுதலாமோ?"

அந்த இடத்தில் என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. 'விசாரிச்சுச் சொல்லுறன் அம்மா' என்று விட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி விடவில்லை. ஏனென்றால் எங்களுடைய அரசியல் பேச்சில் 'சர்வதேசம்' என்பது சாதாரணச் சொல் அல்ல. 2009க்குப் பிறகு அந்தச் சொல்லுக்குள் எவ்வளவோ எதிர்பார்ப்பை இறக்கி வைத்திருக்கிறோம். ஜெனீவாவில் கூட்டத்தொடர் தொடங்கும்போதெல்லாம் சர்வதேசம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்கிறோம். அதே சொல் 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலியின் பெயர்ப்பலகையிலும் ஏறியது: யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம். அந்தப் பலகையைப் பார்த்தவர்களில் பலர், இனி இந்த இடத்தைக் கொழும்பு மட்டும் தனியாகத் தீர்மானிக்க முடியாது, மேலே யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை.

மேலே யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன்.

உலகத்தின் சிவில் விமானப் போக்குவரத்துக்கு விதிகள் வகுக்கும் சர்வதேச அமைப்பு கனடாவின் மொன்றியல் நகரத்தில் இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு என்பது அதன் பெயர், சுருக்கமாக ஐகாவோ. இரண்டாம் உலகப் போர் முடியும் முன்னரே, 1944 டிசம்பர் 7ஆம் திகதி, சிக்காகோவில் 52 நாடுகள் கைச்சாத்திட்ட உடன்படிக்கையில் இருந்து பிறந்தது. 1947 ஏப்ரலில் முறைப்படி இயங்கத் தொடங்கியது. சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இலங்கை அதில் இணைந்தது. இன்று 193 நாடுகள் உறுப்பினர்கள்.

இலங்கையில் அதற்கு எதிர்நிலையில் இருப்பது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. முன்பு திணைக்களமாக இருந்ததை 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் அதிகார சபையாக்கியது; 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம் அதன் கையில் இருக்கும் இன்றைய அதிகாரங்களைச் சொல்கிறது. விமானிக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் பறிப்பதும், விமான நிறுவனத்துக்குச் சான்றிதழ் வழங்குவதும் இரத்துச் செய்வதும், விமான நிலையம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பரிசோதித்து முத்திரை குத்துவதும் இந்த அதிகார சபைதான். மொன்றியல் இவற்றில் எதையும் செய்வதில்லை. உலகத்தின் எந்த விமானிக்கும் ஐகாவோ அனுமதிப்பத்திரம் கொடுத்ததில்லை. எந்த விமானத்தையும் அது தரையில் நிறுத்தியதில்லை. நிறுத்துவதற்கு அதற்கு அதிகாரமே இல்லை.

சிக்காகோ உடன்படிக்கையின் முதலாவது உறுப்புரை என்ன சொல்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்வெளியின் மீது முழுமையான, தனித்த இறைமை உண்டு என்பதுதான் அந்த முதல் வரியின் சாரம். உலகம் முழுவதையும் ஒரே விதிக்குள் கொண்டுவர எழுதப்பட்ட ஆவணம், ஒவ்வொரு அரசுக்கும் அதன் வானத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குகிறது. மனித உரிமைப் பேரவையில் நாங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே இறைமை, வானத்தில் அதைவிட உறுதியாக உட்கார்ந்திருக்கிறது.

அப்படியென்றால் ஐகாவோ என்னதான் செய்கிறது? விதிகளை எழுதுகிறது. உடன்படிக்கைக்கு 19 பின்னிணைப்புகள் இருக்கின்றன. விமானிகளின் தகுதி, வான்வெளி விதிகள், விபத்து விசாரணை, விமான நிலைய வடிவமைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அவற்றுக்குள் இரண்டு வகையான வாசகங்கள் உண்டு. ஒன்று 'நியமம்': நாடுகள் கட்டாயம் பின்பற்ற வேண்டியது. மற்றது 'பரிந்துரைக்கப்பட்ட நடைமுறை': பின்பற்றினால் நல்லது என்பது. நியமத்தைக்கூட ஒரு நாடு தன்னால் பின்பற்ற முடியாது என்றால், 38ஆவது உறுப்புரையின் கீழ் 'நாங்கள் இதில் வேறுபடுகிறோம்' என்று அறிவித்துவிட்டு வேறு மாதிரி நடக்கலாம். அமெரிக்கா உட்படப் பல நாடுகள் இப்படிப் பல வேறுபாடுகளை அறிவித்து வைத்திருக்கின்றன.

இந்த நியமம், பரிந்துரை என்ற வேறுபாடு நூலகத்தில் தூங்கும் விஷயமாகத் தெரியலாம். அந்த அம்மாவின் காணிக்கு இதைவிட நெருக்கமான விஷயம் வேறில்லை.

விமான நிலைய வடிவமைப்பைப் பற்றியது 14ஆவது பின்னிணைப்பு. ஓடுபாதையின் முடிவில் 60 மீற்றர் தூரத்துக்கு ஓடுபாதைப் பட்டி என்ற வெளி இருக்க வேண்டும். அதற்கும் அப்பால் ஓடுபாதை முடிவுப் பாதுகாப்புப் பரப்பு என்று இன்னொன்று. விமானம் நிற்காமல் ஓடிப்போனால் மோதி உடையாமல் நிற்பதற்கான வெற்றுநிலம் அது. அந்த நிலம் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்? நியமம் கேட்பது ஆகக் குறைந்தது 90 மீற்றர். நீண்ட ஓடுபாதைகளுக்குப் பரிந்துரை சொல்வது 240 மீற்றர். அகலம் ஓடுபாதையின் அகலத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

எங்கள் கணக்கில் பார்ப்போம். 45 மீற்றர் அகலமான ஓடுபாதை ஒன்று என்று வைத்துக்கொண்டால், 90 மீற்றருக்கும் 240 மீற்றருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 150 மீற்றர் நீளமும் 90 மீற்றர் அகலமும் கொண்ட துண்டு. 13,500 சதுர மீற்றர். ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்று வகுத்தால், ஓடுபாதையின் ஒரு முனையில் மட்டும் ஐம்பது பரப்புக்கு மேல். ஐம்பது பரப்பில் வீடு, வளவு, கிணறு, தோட்டம் என்று எத்தனை குடும்பம் இருந்திருக்கும் என்பதை வலி வடக்கு வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த ஐம்பது பரப்பை மொன்றியல் கட்டாயமாகக் கேட்கவில்லை. வைத்திருந்தால் நல்லது என்கிறது. அந்தப் பரிந்துரையைக் கட்டாயமாக்குவதா, நியமத்தோடு நிற்பதா, அல்லது ஓடுபாதையின் பயன்படு நீளத்தைக் குறைத்து அறிவித்து உள்ளேயே அந்த வெளியை எடுத்துக்கொள்வதா என்பதெல்லாம் கொழும்பில் எடுக்கப்படும் முடிவுகள். பாதுகாப்புக்காக 240 மீற்றரைத் தெரிவு செய்வதில் தவறில்லை. நானும் அந்த ஓடுபாதையில் இறங்கும் பயணிதான், விமானம் ஓடிப்போக இடம் இருக்க வேண்டும் என்றுதான் விரும்புவேன். ஆனால் தெரிவு செய்தவர் 'நான் தெரிவு செய்தேன்' என்று சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. எவ்வளவு வெற்றுநிலம் தேவை என்று சொல்லும் அந்தப் பின்னிணைப்பு, அது எவருடைய நிலம், எந்தச் சட்டத்தின் கீழ் எடுப்பது, என்ன நட்டஈடு கொடுப்பது என்பதைப் பற்றி எதையும் விதிப்பதில்லை. அவை முழுக்க முழுக்க நாட்டுச் சட்டத்தின் வேலை.

'சர்வதேச விமான நிலையம்' என்ற பெயரும் அப்படித்தான். அது மொன்றியல் சூட்டும் பட்டம் அல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் விமானம் எங்கே இறங்கிச் சுங்கச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பதை அந்தந்த அரசே குறித்துக் கொடுக்கிறது. அப்படிக் குறித்த நிலையம் ஐகாவோவின் நியமங்களுக்கு ஏற்ப இருக்கிறது என்று சான்றிதழ் வழங்குவதும் அந்த அரசின் ஒழுங்குபடுத்துநரே. எந்த வெளிநாட்டு நிறுவனம் கால அட்டவணைப்படி வந்து போகலாம் என்பதோ இரண்டு அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தம். சிக்காகோ உடன்படிக்கையின் 6ஆவது உறுப்புரை அதை அனுமதி இல்லாமல் செய்ய முடியாதென்கிறது. 2019 நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து வரத் தொடங்கியதும், கொரோனாவோடு நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டதும், 2024 செப்டெம்பரில் இண்டிகோ சேர்ந்துகொண்டதும் கொழும்புக்கும் புதுடில்லிக்கும் இடையில் முடிந்த காரியங்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. எயார் சிலோனின் முதலாவது பயணம் 1947 டிசம்பர் 10ஆம் திகதி நடந்தது. இரத்மலானையில் இருந்து புறப்பட்ட டக்கோட்டா விமானம் காங்கேசன்துறையில், அதாவது இதே பலாலியில், இறங்கித்தான் மதராஸ் போனது. ஐகாவோ பிறந்த அதே வருடம். பெயர்ப்பலகையில் எந்தச் 'சர்வதேசமும்' இல்லாமலே எங்களுடைய ஊரிலிருந்து கடல் தாண்டிப் பறந்தார்கள்.

(போகிற போக்கில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பயணச்சீட்டில் யாழ்ப்பாணத்துக்கு மூன்று எழுத்துக் குறியீடு இருக்கும்: ஜேஏஎஃப். அதைக் கொடுப்பது அயாட்டா. அது விமான நிறுவனங்களின் சங்கம், அரசுகளின் அமைப்பு அல்ல; எதையும் ஒழுங்குபடுத்தும் சட்ட அதிகாரம் அதற்கில்லை. விமானிகளும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் பாவிப்பது விசிசிஜே என்ற நான்கு எழுத்துக் குறியீட்டை. அதுதான் ஐகாவோவின் முறை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் செய்தி எழுதுபவர்கள் எங்களுடைய தொழிலிலும் இருக்கிறார்கள்.)

சர்வதேச விதி ஒன்று இருந்தாலும், நாட்டுச் சட்டம் இல்லாவிட்டால் அது காற்றில்தான் நிற்கும் என்பதற்கு இலங்கையைப் போல் உதாரணம் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. 1982 ஜூன் 30ஆம் திகதி சேபால ஏக்கநாயக்க என்பவர், டில்லியில் இருந்து பாங்கொக் நோக்கிப் பறந்த அலித்தாலியா விமானத்தைக் கடத்தினார். இத்தாலியில் இருந்த மனைவியையும் மகனையும் தன்னிடம் கொண்டுவர வேண்டும், மூன்று இலட்சம் டொலர் பணமும் வேண்டும் என்றார். இரண்டும் கிடைத்தன. பிறகு அவர் கொழும்புக்கு வந்து இறங்கியபோது வீரனைப் போல வரவேற்றவர்களும் இருந்தார்கள். விமானக் கடத்தலுக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கைகளில் இலங்கை ஏற்கெனவே இணைந்திருந்தது. ஆனால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கவில்லை. அவசர அவசரமாக 1982ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க வானூர்திகளுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றி, அதைப் பின்னோக்கிச் செல்லுபடியாக்கித்தான் அவருக்குத் தண்டனை வழங்க முடிந்தது. வெளியில் போட்ட கையெழுத்து உள்ளே தானாகச் சட்டமாகாது. அதே பாடத்தைக் காணாமல் ஆக்கப்பட்டோர் விடயத்திலும் எங்கள் தாய்மார் கற்றார்கள்.

மொன்றியலுக்குப் பல் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது; ஆனால் கடிப்பது அது அல்ல. 1999 முதல் ஐகாவோ உறுப்பு நாடுகளின் ஒழுங்குபடுத்துநர்களைக் கணக்காய்வு செய்கிறது. விமானங்களை அல்ல, அதிகாரிகளை. சட்டம் இருக்கிறதா, போதிய பரிசோதகர்கள் இருக்கிறார்களா, கண்ட குறையைத் தீர்க்க வைக்கிறார்களா என்று பார்க்கிறது. 2015இல் தாய்லாந்து இந்தக் கணக்காய்வில் மோசமாகத் தவறி, ஐகாவோவின் இணையத்தளத்தில் அந்நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடி ஏறியது. அவ்வளவுதான் ஐகாவோ செய்தது. ஆனால் ஜப்பானும் தென்கொரியாவும் தாய்லாந்து நிறுவனங்களின் புதிய பயணங்களுக்குக் கதவை அடைத்தன. அமெரிக்காவின் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்த வருட இறுதியில் தாய்லாந்தை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. தாய்லாந்து தன் பழைய நிர்வாகத்தைக் கலைத்துப் புதிய அதிகார சபையை உருவாக்கி, கொடியை 2017 ஒக்டோபரில் இறக்க வைத்தது. அமெரிக்கத் தரத்தை மீட்க 2025 வரை ஆனது. இந்தியாவுக்கும் 2014 ஜனவரியில் அமெரிக்காவின் இதே தரமிறக்கம் நடந்தது. நேபாளத்தின் விமான நிறுவனங்களை 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் தன் தடைப்பட்டியலில் போட்டது.

ஆக, கணக்கைச் சொல்வது சர்வதேச அமைப்பு. தண்டிப்பது சந்தை வைத்திருக்கும் தேசிய ஒழுங்குபடுத்துநர்கள். வலிமையான நாடுகளின் தேசிய அமைப்புகள்தான் நடைமுறையில் உலகத்தின் காவலர்கள். அந்தக் காவலர்களும் தவறுவார்கள். போயிங் 737 மெக்ஸ் விமானங்கள் 2018 ஒக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் விழுந்து 346 பேரைக் கொன்றன. இரண்டாவது விபத்துக்கு மறுநாளே சீனா அந்த விமானங்களை நிறுத்தியது; அடுத்த நாள் ஐரோப்பா. அந்த விமானத்துக்குத் தகுதிச் சான்றிதழ் வழங்கிய அமெரிக்க நிர்வாகம் கடைசியாகத்தான், மார்ச் 13ஆம் திகதி, வழிக்கு வந்தது.

இதுவரை சொன்னது சமாதான காலத்துக் கதை. எங்களுக்கு விமானம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பயணச்சீட்டா? என் தலைமுறை சத்தத்தை வைத்தே கிபிரா, மற்றதா என்று பிரித்தறிந்து பங்கருக்குள் ஓடிய தலைமுறை. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலித் தேவாலயத்திலும், 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி வள்ளிபுனம் செஞ்சோலையிலும் குண்டு போட்ட விமானங்களைப் பற்றி மொன்றியலில் இருக்கும் அமைப்பு எதுவும் சொல்லாதா என்று ஒருவர் கேட்டால், சட்டத்தின் பதில் கொடூரமான எளிமையோடு இருக்கிறது: சிக்காகோ உடன்படிக்கையின் 3ஆவது உறுப்புரைப்படி அது சிவில் வானூர்திகளுக்கு மட்டுமே பொருந்தும். இராணுவ, சுங்க, பொலிஸ் சேவையில் உள்ளவை 'அரச வானூர்திகள்'. அவை அதற்கு வெளியே. அவற்றுக்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன, அவற்றை எங்கே எப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

அந்த உடன்படிக்கைக்கு உள்ளே வந்த, ஆனாலும் அது காப்பாற்றாத பயணம் ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் 602. அன்ரனோவ் 24 ரகம். பெலாரஸில் பதிவு செய்யப்பட்டு, அந்நாட்டு நிறுவனமொன்றிடம் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. 48 பயணிகளும் 7 பணியாளரும். மன்னாருக்கு அப்பால் கடலில் மறைந்தது. பயணிகளில் பெரும்பாலானவர்கள் தமிழர்கள். விடுதலைப் புலிகளின் ஏவுகணையே அதை வீழ்த்தியது என்று அரசு சொன்னது. கைதான முன்னாள் உறுப்பினர் ஒருவரின் தகவலின்படி என்று சொல்லி 2012 ஒக்டோபரில் இரணைதீவுக்கு அண்மையில் கடற்படை சிதைவுகளைக் கண்டெடுத்ததும் அதையே சுட்டியது. இதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. யார் சுட்டார்கள் என்பதால் பேசாமல் விட்டோம் என்றே நினைக்கிறேன். 2014 தொடக்கத்தில் கடலிலிருந்து எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் யாழ்ப்பாணத்தில் பரப்பி வைத்து, உறவினர்களை வந்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். பதினைந்து வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த சட்டையை அடையாளம் காண வேண்டிய நிலை.

இங்கேதான் இரண்டு ஒழுங்குபடுத்துநர்களுக்கும் இடையிலுள்ள வெளி எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. வெளிநாட்டில் பதிவான விமானம் என்றபடியால் 26ஆவது உறுப்புரை பொருந்தும்: விழுந்த இடத்துக்குரிய நாடு விசாரணை செய்ய வேண்டும், பதிவு நாடு பார்வையாளர்களை அனுப்பலாம், அறிக்கை அந்த நாட்டுக்குக் கொடுக்கப்பட வேண்டும். அந்த உறுப்புரையில் குடும்பங்கள் என்ற சொல்லே இல்லை. இன்றைய 13ஆவது பின்னிணைப்பு ஓரளவு முன்னேறியிருக்கிறது. இயன்றால் 12 மாதங்களுக்குள் இறுதி அறிக்கையைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்கிறது. விசாரணை செய்பவர் விமானப் போக்குவரத்து அதிகாரிகளிடமிருந்து சுதந்திரமானவராக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஆனாலும் விசாரிப்பது நாடுதான்.

பறக்கும் சிவில் விமானத்துக்கு எதிராக ஆயுதம் பாவிக்கக் கூடாது என்று சொல்லும் உறுப்புரை ஒன்றும் இருக்கிறது: 3 பிஸ். 1983இல் சோவியத் போர்விமானம் தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு 269 பேரைக் கொன்ற பிறகு, 1984 மே மாதம் நிறைவேற்றப்பட்டது. 102 நாடுகள் அங்கீகரித்தால்தான் நடைமுறைக்கு வரும் என்பதால் பதினான்கு வருடம் காத்துக் கிடந்தது. நடைமுறைக்கு வந்த நாள் 1998 ஒக்டோபர் 1. லயன் எயார் விழுந்து இரண்டு நாளின் பின். முன்னதாக வந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. அது அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது, ஆயுத இயக்கங்களை அல்ல. அவற்றின் செயலைக் குற்றமாக்கித் தண்டிக்கும் பொறுப்பை 1971ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை மறுபடி அரசுகளிடமே கொடுக்கிறது.

பலாலிக்கு மேலுள்ள வானம் பயணிகள் விமானத்துக்குப் பாதுகாப்பானதா, மூட வேண்டுமா என்று 1998இல் தீர்மானித்திருக்க வேண்டியது யார்? 9ஆவது உறுப்புரை அந்த உரிமையை அந்நாட்டு அரசுக்குத்தான் தருகிறது. அதாவது போரின் ஒரு தரப்புக்கு. தரைவழி மூடிக் கிடந்த காலம், பறக்காமல் கொழும்புக்குப் போக மக்களுக்கு வேறு சுலபமான வழி இருக்கவில்லை. இலங்கைக்கு மட்டுமான சிக்கல் அல்ல இது. 2014 ஜூலையில் கிழக்கு உக்ரைன் மேல் 32,000 அடிக்குக் கீழே மட்டும் வான்வெளி மூடப்பட்டிருந்தது. மலேசிய விமானமான எம்.எச். 17 பறந்தது 33,000 அடியில். 298 பேர். வான்வெளியை முழுதாக மூடுவதற்கு உக்ரைனுக்குப் போதிய காரணம் இருந்தது என்று நெதர்லாந்தின் பாதுகாப்புச் சபை 2015இல் சொன்னது. மூடும்படி உத்தரவிட மொன்றியலுக்கு அதிகாரம் இருக்கவில்லை.

ஆனால் அந்த வழக்கில் பின்னால் ஒரு விஷயம் நடந்தது. அவுஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் 2022இல் ரஷ்யாவுக்கு எதிராக ஐகாவோவின் 36 நாடுகள் கொண்ட பேரவையிடம் முறையிட்டன. 2025 மே 12ஆம் திகதி, ரஷ்யா தன் கடப்பாட்டை மீறியது என்று பேரவை தீர்மானித்தது. நாடுகளுக்கு இடையிலான பிணக்கொன்றில் யார் பக்கம் நியாயம் என்று அது முடிவு சொன்னது அதன் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. எண்பது வருடம் ஆகியிருக்கிறது. அதற்கும் வழக்கை எடுத்துச் செல்ல இரண்டு அரசுகள் தேவைப்பட்டன. அரசில்லாத மக்களுக்கு அந்தக் கதவில் மணியே இல்லை.

இனி அம்மாவின் கேள்வி. மொன்றியலுக்குக் கடிதம் எழுதலாம். அது அரசுகளின் அமைப்பு. தனியாளின் காணி முறைப்பாட்டை விசாரிக்கும் வேலை அதற்கில்லை. கடிதம் போக வேண்டிய இடம் கொழும்புதான், அதையும் தெரிந்து எழுத வேண்டும். வலி வடக்கில் 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க ஒட்டப்பட்ட அறிவித்தல்கள், 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ், இராணுவத் தலைமையகம் அமைப்பதற்கென்றே சொன்னன. விமானப் போக்குவரத்து அங்கே பேச்சில் இல்லை. இன்று அதே நிலங்களின் பக்கத்தில் நின்று 'சர்வதேச விதி' என்று சொல்லப்படும்போது, எது படைக்கானது, எது பயணிக்கானது என்று பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. தமிழும் இதில் எங்களுக்கு உதவுவதில்லை. பாதுகாப்பு அமைச்சு, உயர் பாதுகாப்பு வலயம், ஓடுபாதை முடிவுப் பாதுகாப்புப் பரப்பு எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஒன்று இராணுவம், ஒன்று விமானம் சறுக்கினால் நிற்க ஒரு வெளி. காதில் ஒரே மாதிரி விழுகிறது.

சென்ற ஞாயிறு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். குறித்த காணி விமான நிலையத் தேவைக்கு உட்படுகிறதா. உட்பட்டால் 14ஆவது பின்னிணைப்பின் எந்தப் பந்தியின் கீழ். அந்தப் பந்தி நியமமா, பரிந்துரையா. பரிந்துரை என்றால் அதை இலங்கை கட்டாயமாக்கிய ஆவணம் எது. மாற்று வழிகள் ஆராயப்பட்டனவா. ஐந்து கேள்விகள். பதில் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க 14 வேலை நாட்கள் இருக்கின்றன என்றேன்.

உறுதியின் இலக்கத்தைப் பார்த்து எழுதிய பிறகு, காணியில் கட்டுக்கிணறு ஒன்றும் பதினொரு பனையும் நின்றதையும் எழுதச் சொன்னார். தகவல் கேட்கும் விண்ணப்பத்தில் அது தேவையில்லை அம்மா என்றேன். "எழுதுங்கோ பிள்ளை" என்றார். எழுதினேன்.